சின்ன ர

ஞாயிறு இரவு பதினொன்று பத்துக்கு வந்தது அந்தச் சுவரொட்டி.
நகராட்சி முத்திரை, சிவப்புப் பட்டை,
செத்து மிதக்கும் மீன்கள்.
"குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்."
வால்டிவியாவில் மழை பிடித்து ஒன்பதாம் நாள்.
மாடி வீட்டில் ஆறு மாணவர்கள், ஒரே கெட்டில்,
விறகடுப்பைச் சுற்றிக் காயாத காலுறைகள்.

ஆயெலேன் போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டினாள்.
"கொடு, பார்க்கிறேன்."
நில அளவை, இரண்டாம் ஆண்டு.
கோணல் எங்கே என்று தேடியே பிழைக்கப் போகிறவள்.

பெரிதாக்கினாள்.
முத்திரை பழையது, போன மேயரோடு போனது.
தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைவு.
மீன்களைத் தேடுபொறியில் போட்டால்
அதே மீன்கள், அதே வெள்ளை வயிறுகள்,
ஏழு வருடத்துக்கு முன் வேறொரு நாட்டு ஏரியில்
வேறொரு வெயிலில் செத்தவை.
"நம் ஊரில் எப்போதடா இவ்வளவு வெயில்?"
அறை சிரித்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கும் குழுவில்
வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு
மூன்றையும் விளக்கினாள்.
"பொய். பரப்பாதீர்கள்."
கைதட்டல் பொம்மைகள் மழையோடு மழையாகக் கொட்டின.
ஃபாபியான் ஒரு டம்ளர் பிடித்துத் தந்தான், தனக்கும் ஒன்று.
மடக் மடக்கென்று குடிப்பதையும்
படமெடுத்துப் போட்டார்கள்.

அந்தக் கைதட்டல்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டு
இன்னொன்று வந்தது.
படம் இல்லை, முத்திரை இல்லை.
கீழ்த்தெருவில் கார் கழுவும் யெர்க்கோ:

தன்னி மண்ணெண்ண மாரி நாருது
மத்தியானத்துலேந்து
மோந்து பாருங்க

(அவன் மொழியில் அவன் விட்ட பிழையை
நம் எழுத்துக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.
மூன்று சுழி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுழி,
பெரிய ற இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ர.)

யாரோ அதற்கு ஒரு சிரிப்பு போட்டார்கள்.
ஆயெலேன் பார்த்தாள்.
பார்த்துவிட்டு மேலே தள்ளினாள்.
கட்டைவிரல் போன தூரம் அரை அங்குலம் இருக்கும்.

காலை ஏழரைக்கு வானொலி:
மேட்டு நீரேற்று நிலையத்தில் டீசல் கசிவு,
ஞாயிறு நண்பகல் முதல்.
ஃபாபியான் கழிவறையை விட்டு வரவில்லை.
அவள் வயிற்றுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.
அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

முத்திரை பழையது என்றது சரி.
எண் குறைவு என்றதும் சரி.
மீன்கள் அசலூர் மீன்கள், அதுவும் சரி.
இந்தச் சரிகளைக் கூட்டி
தண்ணீர் நல்லது என்று எப்போது விடை போட்டேன் என்று
தன் பதிவையே மறுபடி படித்தாள்.
அந்த வரி எங்கும் இல்லை.
அதை எழுதவில்லை அவள்,
குடித்திருந்தாள்.

சுவரொட்டி செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது.
உண்மைக்குப் பொய்ச் சட்டை மாட்டிவிட்டானோ,
பொய் சொல்லப் போய்
இருட்டில் உண்மையின் காலை மிதித்துவிட்டானோ.

அழித்துவிடு என்றார்கள். அழிக்கவில்லை.
அடியில் சேர்த்தாள்:
"படம் பொய்தான்.
தண்ணீரைப் பற்றி எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை."
கைதட்டல் நான்கு.
நான்கில் யெர்க்கோ இருக்கிறானா என்று தேடினாள். இல்லை.

செவ்வாய்க்கிழமை, தண்ணீர் லாரி வரிசை.
அவளுக்கு இரண்டு வாளி முன்னால் அவன்.
மன்னிப்பு என்று தொடங்கியவளுக்கு
நடுவிலேயே ஒரு சந்தேகம் முளைத்தது.
கார் கழுவுகிறவன் கை,
அதில் என்றைக்கும் எண்ணெய் வாடை இருக்காதா?
கேட்டால் அவமானப்படுத்துவதாகுமோ?
வரிசை ஓரடி நகர்ந்தது.
கேட்டாள்: "உன் கை வாசனை இல்லை என்று
எப்படித் தெரிந்தது?"

யெர்க்கோ திரும்பி அவளை முதல் முறையாகப் பார்த்தான்.
"எனக்கும் அதே சந்தேகம்தான்.
சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பக்கத்து வீட்டில் போய்ப் பிடித்தேன்,
அப்புறம் எதிர் வீட்டில்.
மகளுக்குப் பால் கலக்க வேண்டியிருந்தது."

லாரிக்காரன் குழாயைத் திறந்தான்.
இருவரும் ஒரே நேரத்தில்
வாளிக்கு மேல் குனிந்தார்கள்.